கம்பெனியைத் திட்டுமுன் கடைக்குள் பார்ப்போம்



நமது சங்கக் கூட்டங்களில் ஒரு காலத்தில் விற்பனை வரிப் படிவம், எடைக்கல் முத்திரை, மின்வெட்டு ஆகியவைதான் பெரிதாகப் பேசப்பட்டன. இன்று வாடிப்பட்டி கடைவீதியில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் குறை, "நெட் நிற்க மாட்டேன் என்கிறது" என்பதுதான். லேப்டாப்பில் பாதி பில் போட்டுக் கொண்டிருக்கும்போது வைஃபை அறுந்து விடுகிறது. மறுபடி வருகிறது, ஐந்து நிமிடத்தில் மறுபடி போகிறது. கடைக்காரர் கம்பெனிக்குப் போன் செய்கிறார். "பெட்டியை அணைத்துப் போடுங்கள்" என்கிறார்கள். போட்டால் சற்று நேரம் ஓடுகிறது. மறுநாள் பழைய கதைதான். கோபத்தில் சிலர் அதிக வேகத் திட்டத்திற்கு மாறுகிறார்கள். சிலர் கம்பெனியையே மாற்றுகிறார்கள். பணம் செலவாகிறதே தவிர, பழுது தீருவதில்லை.

இதற்குக் காரணம், பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று பாராமலே நாம் பணத்தைக் கொட்டுவதுதான் என்பது எனது கருத்து. மூட்டையில் எடை குறைந்தால் ஏற்றிய இடத்தில் குறைந்ததா, வழியில் கொட்டியதா, நம் தராசில் கோளாறா என்று பார்க்கத் தெரிந்த நாம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பாராமலே தீர்ப்புச் சொல்கிறோம்.

இது சிறிய விஷயமா?

"நெட் போனால் கொஞ்சம் பொறுத்துப் போடலாமே" என்பவர்கள் உண்டு. பொறுக்க முடியாத நிலை வந்துவிட்டது என்பதே உண்மை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது முதல் நமது வரிக் கணக்கு முழுவதும் இணையத்தில்தான். மாதக் கணக்கு தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 கடைசி நாள் 11-ம் தேதி. 3பி படிவத்திற்கு 20-ம் தேதி. தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய். வியாபாரமே இல்லாத மாதத்திற்கும் 20 ரூபாய். வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி தனி. மொத்த வியாபாரிக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. 11-ம் தேதிக்குள் நமது ஜி.எஸ்.டி.ஆர்-1 ஏறாவிட்டால், அந்த மாதத்தில் நம்மிடம் வாங்கியவரின் கணக்கில் அந்த பில் தெரியாது. அவருக்கு உள்ளீட்டு வரி கிடைப்பது தள்ளிப் போகும். இரண்டு முறை இப்படி நடந்தால் அவர் மதுரை கீழமாசி வீதியில் வேறு கடையைப் பார்த்துக் கொள்வார்.

சரக்கு அனுப்புவதிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டுக்குள் 2018 ஜூன் முதல் இ-வே பில் நடைமுறையில் உள்ளது. வரிக்கு உட்பட்ட சரக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மாநிலத்திற்குள் போனாலும், 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் மாநிலம் தாண்டிப் போனாலும் பில் இல்லாமல் வண்டி புறப்படக் கூடாது. வழியில் பிடித்தால் வரியைப் போல் இரு மடங்கு அபராதம். ஆண்டு வியாபாரம் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் சேர்ந்து கொண்டது. லோடு ஏற்றிய லாரி திண்டுக்கல் சாலையில் டிரைவரோடு நிற்க, உள்ளே லேப்டாப் திரையில் சக்கரம் சுற்றிக் கொண்டிருந்தால், அந்த ஒவ்வொரு நிமிடமும் நம் காசு.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2025 ஜனவரியில் ஜி.எஸ்.டி. தளமே முடங்கியபோது, 11-ம் தேதியாக இருந்த கடைசி நாளை 13 ஆக நீட்டித்தார்கள். அது அவர்கள் தளம் முடங்கியதற்குக் கொடுத்த அவகாசம். நம் கடை வைஃபை முடங்கியதற்காக யாரும் ஒரு நாள் கூட நீட்டித்துத் தர மாட்டார்கள்.

கால்வாயும் மடையும்

நம் பகுதி பெரியாறு பாசனப் பகுதி. பிரதானக் கால்வாயில் தண்ணீர் நிறையப் போனாலும், கிளை வாய்க்காலில் உடைப்பு இருந்தாலோ, வயல் மடையில் அடைப்பு இருந்தாலோ பயிர் காய்ந்துதான் போகும். அதற்காகப் பேரணையில் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை. நெட்டும் அப்படித்தான். அது நம் லேப்டாப்புக்கு வந்து சேர மூன்று கட்டங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பைபர் கேபிள் வழியாகக் கடையில் உள்ள பெட்டி வரை வருவது முதல் கட்டம். பெட்டியிலிருந்து காற்றில் வைஃபையாக லேப்டாப்புக்கு வருவது இரண்டாவது. லேப்டாப் அதை வாங்கிக் கொள்வது மூன்றாவது. முதல் கட்டம் கம்பெனியின் பொறுப்பு. மற்ற இரண்டும் பெரும்பாலும் நம் கடைக்குள் நடப்பவை. "பெட்டியை அணைத்துப் போடுங்கள்" என்று போனில் சொல்பவருக்கு நம் கடையின் இரும்பு ரேக்கும் தெரியாது, லேப்டாப்பின் வயதும் தெரியாது.

எந்தக் கட்டத்தில் பழுது என்று கண்டுபிடிக்க என்ஜினீயர் வேண்டியதில்லை. நெட் போன அந்த நேரத்திலேயே கீழ்க்கண்டவற்றைச் செய்தால் போதும்.

முதலில் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். பைபர் பெட்டிகளில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். சாலை வேலையில் கேபிள் அறுந்திருக்கலாம். கம்பத்தில் அணில் கடித்திருக்கலாம். அது கம்பெனி வேலை. உடனே புகார் செய்ய வேண்டும். 'பான்' என்ற விளக்கு பச்சையாக அசையாமல் எரிந்தால் வெளிக் கேபிள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, அடுத்ததைப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, செல்போனை எடுத்துக் கொண்டு பெட்டியின் அருகில் நில்லுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையை மட்டும் வையுங்கள். டேட்டாவை அணைக்காவிட்டால், வைஃபை தடுமாறும்போது போன் சத்தமில்லாமல் சிம் நெட்டுக்கு மாறிவிடும். வைஃபை நன்றாக இருப்பதாக நாம் ஏமாந்து போவோம். போனிலும் வரவில்லை என்றால், பெட்டியையும் லேப்டாப்பையும் ஒரு நெட்வொர்க் வயரால் நேரே இணைத்துப் பாருங்கள். வயரில் வந்தால் கோளாறு பெட்டியின் வைஃபையில். வயரிலும் வராவிட்டால் கோளாறு பெட்டியிலோ வெளியிலோ, கம்பெனியைக் கூப்பிடலாம்.

மூன்றாவதாக, போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால், லேப்டாப்பைப் பெட்டியின் அருகில் கொண்டு வாருங்கள். அங்கே வந்து, கல்லா மேஜையில் வராவிட்டால் தூரமும் தடுப்பும்தான் காரணம். அருகிலும் வராவிட்டால் குறை லேப்டாப்பில்.

மற்ற தளங்கள் எல்லாம் திறந்து, ஜி.எஸ்.டி. தளம் மட்டும் திறக்காவிட்டால் நம் நெட்டில் குறையில்லை. 20-ம் தேதி மாலையில் நாடே அந்த வாசலில் நிற்கிறது. இதற்கு மருந்து 17, 18 தேதிகளிலேயே வேலையை முடிப்பதுதான்.

கடைக்குள் இருக்கும் எதிரிகள்

நமது கடைகளைப் போல வைஃபைக்கு விரோதமான இடம் வேறில்லை. இரும்பு ஷட்டர், இரும்பு ரேக், பீரோ, அடுக்கிய எண்ணெய் டின்கள், ஃப்ரீசர் பெட்டி என்று எங்கும் உலோகம். உலோகம் இந்த அலையைத் திருப்பி அடிக்கும். நீர்ச்சத்து அதை உறிஞ்சும். தண்ணீர் கேன் அடுக்கும், தேங்காய்க் குவியலும், ஈர மூட்டைகளும் நடுவில் நின்றால் அலை மெலிந்துதான் போகும். காலையில் நன்றாக வந்த நெட் லோடு இறங்கிய பிறகு தடுமாறினால், புதிதாக அடுக்கிய சரக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டி வைக்கும் இடத்தையும் நாம் யோசிப்பதில்லை. கேபிள் இழுத்தவர் அவருக்கு வசதியான மூலையில் மாட்டிப் போகிறார். அதன்மேல் காலண்டர் தொங்குகிறது. அல்லது அது பீரோவின் பின்னால் போய்விடுகிறது. தகரக் கூரைக்கு அடியில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பல பெட்டிகள் 40 டிகிரி வரையிலான வெப்பத்திற்கே தயாரிக்கப்படுகின்றன. மதுரைச் சித்திரை வெயிலில் கூரைக்குக் கீழே அதைவிட அதிகமாகவே இருக்கும். நண்பகலில் மட்டும் நெட் போனால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். ஆள் உயரத்திற்கு மேல், கல்லாவுக்கு நேர் பார்வையில், காற்றோட்டமாக வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

பெட்டியில் இரண்டு வகை அலைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரைத் தாண்டும். ஆனால் கூட்டம் அதிகம். பக்கத்துக் கடைகளின் வைஃபை, புளூடூத், டீக்கடை மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பாதையில்தான் போகின்றன. அதில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. வீதியில் இருபது கடைகள் இருந்தால் நெரிசலுக்குக் கேட்கவா வேண்டும்! மாலை நேரத்தில் மட்டும் இழுத்தடித்தால் இது காரணமாக இருக்கலாம்; பெட்டியின் செட்டிங்கில் சேனலை மாற்றிப் பார்க்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். சில பெட்டிகளில் இந்த இரண்டாவது அலையின் பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று வருகிறது. இது செல்போனின் 5ஜி அல்ல. கல்லா பெட்டிக்கு அருகில் இருந்தால் 5. குடோன் பின்பக்கம் இருந்தால் 2.4 என்று பிரித்து வைத்துக் கொள்ளலாம்.

வைஃபையில் ஓடும் கண்காணிப்புக் கேமராக்களையும் எண்ணிப் பாருங்கள். படத்தை இடைவிடாமல் இணையத்துக்கு அனுப்பும் நான்கு கேமராக்கள் இருந்தால், பில் போடும் லேப்டாப்புக்கு மிஞ்சுவது குறைவே. கடைப் பையன்கள், வாடிக்கையாளர்கள், எதிர்க் கடைக்காரர் என்று எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுப்பதும் தவறு. நெரிசல் ஒருபுறம் இருக்க, அதே வைஃபையில்தான் நமது வங்கிக் கணக்கையும் திறக்கிறோம். பெரும்பாலான பெட்டிகளில் விருந்தினருக்கென்று தனி வைஃபை போட வசதி இருக்கிறது, பயன்படுத்திக் கொள்ளுங்கள்.

லேப்டாப்பும் குற்றவாளியாகலாம்

பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப் தானாகவே வைஃபை உறுப்பை அணைத்துவிடும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுத் தொட்டால் நெட் இல்லை என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற பகுதியில் வைஃபை உறுப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். வைஃபை பெயரை ஒருமுறை மறக்கச் செய்து, பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்தும் பார்க்கலாம். டிரைவர் என்ற மென்பொருள் பழையதாக இருந்தால் லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். கண்ட இடத்தில் எடுத்தால் வைரஸ் வரும். லேப்டாப்பில் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் வங்கித் தளமும் வரித் தளமும் திறக்க மறுக்கும். அதையும் நாம் "நெட் இல்லை" என்றே சொல்கிறோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு வேல்ஸ் கிராமத்தின் கதை

வெளியில் தேடிக் கொண்டிருக்கும் பழுது உள்ளே இருக்கும் என்பதற்கு 2020-ல் உலகப் பத்திரிகைகளில் வந்த ஒரு செய்தி நல்ல உதாரணம். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஆபர்ஹோசன் என்ற சிற்றூர். அங்கே தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதும் நெட் தடுமாறியது. ஒன்றரை ஆண்டுக் காலம் இப்படி. கேபிளைக் கூட மாற்றிப் பார்த்தார்கள், தீரவில்லை. கடைசியில் என்ஜினீயர்கள் விடியற்காலையில் கருவியோடு தெருத் தெருவாக நடந்தபோது, ஒரு வீட்டில் காலை 7 மணிக்குப் போடப்படும் பழைய டி.வி. பெட்டியிலிருந்து கிளம்பிய மின் இரைச்சல்தான் காரணம் என்று தெரிந்தது. டி.வி.யை நிறுத்தியதும் ஊருக்கே நெட் சரியானது. அங்கே இருந்தது கம்பி வழி இணைப்பு, நம் சிக்கல் காற்று வழி என்றாலும் பாடம் ஒன்றுதான். பழுது எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்தால் காரணம் தானே அகப்படும். ஒரு நோட்டில் தேதி, நேரம், விளக்கின் நிறம், போனில் வந்ததா என்ற நான்கையும் பத்து நாள் எழுதுங்கள். பாக்கி நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையல்ல.

வேகமல்ல, நிலைதான் வேண்டும்

இங்கேதான் எனது முக்கியமான கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். பிராட்பேண்ட் என்றால் குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் வர வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 ஜனவரியில் வரையறுத்தது. நம்மில் பலர் அதைப்போல் இருபது, ஐம்பது மடங்கு வேகத் திட்டத்திற்குப் பணம் கட்டுகிறோம். ஓர் இ-வே பில் போட அவ்வளவு வேகம் வேண்டியதில்லை; அறுபடாமல் வந்தால் போதும். காற்றில் அறுபடுவதை வேகத் திட்டம் தடுக்காது. மடை அடைத்திருக்கும்போது கால்வாயில் கூடுதல் தண்ணீர் விட்டு என்ன பயன்?

ஆகவே பில் போடும் லேப்டாப்புக்கு வைஃபையை நம்பாதீர்கள். பெட்டியிலிருந்து கல்லா வரை நெட்வொர்க் வயர் இழுத்துவிடுங்கள். சிறிய கடைக்குச் சில நூறு ரூபாயில் முடியும் வேலை. புதிய லேப்டாப்பில் வயர் சொருகும் துளை இல்லாவிட்டால், யூ.எஸ்.பி.யில் சொருகும் சிறு கருவி கிடைக்கிறது. குடோனுக்கும் நெட் வேண்டுமென்றால், அலையை எடுத்து மறுபடி வீசும் ரிப்பீட்டரை விட, வயர் இழுத்து அங்கே இன்னொரு பெட்டி வைப்பதே உறுதியானது. மின்சாரம் போகும்போது பெட்டி அணையாமல் இருக்க அதற்கென்று விற்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள். நெட் கம்பெனியல்லாத வேறு கம்பெனியின் சிம் ஒன்றும் அவசரத்திற்குக் கையில் இருக்கட்டும். "போனிலிருந்தே நெட் கொடுத்துக் கொள்ளலாமே, வயர் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவசரத்திற்குச் சரி. ஆனால் போன் முதலாளியோடு கொள்முதலுக்குப் போய்விட்டால் கடையில் பில் நின்றுவிடும்.

கம்பெனியை விட்டுவிடுவதா?

இவ்வளவும் சொல்வதால் கம்பெனிகளுக்கு நற்சான்று கொடுப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் பக்கம் குறை இருந்தால் விடக் கூடாது. அதற்காகத்தான் முதலில் நம் பக்கத்தைச் சுத்தம் செய்து கொள்ளச் சொல்கிறேன். வயரிலேயே வரவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது, இன்ன தேதியில் இன்ன நேரம் என்று நோட்டைப் பார்த்துச் சொல்பவரிடம் "அணைத்துப் போடுங்கள்" என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. டிராய் அமைப்பின் 2012-ம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். 39 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சேவைத்தர விதிகளின்படி, கம்பிவழி இணைப்பின் பழுது மூன்று நாட்களில் சரிசெய்யப்படாவிட்டால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். கேட்பவருக்குத்தான் இது கிடைக்கும். புகார் எண் இல்லாதவர் கேட்கவும் முடியாது.

சங்கம் செய்ய வேண்டியவை

தனித்தனியே நாம் இருக்கும் வரை கம்பெனிக்கு நாம் ஆளுக்கு ஓர் இணைப்பு. சேர்ந்து நின்றால் ஒரு வீதி. ஆகவே மூன்று யோசனைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஒன்று, நம் ஊர்ப் பிள்ளைகளில் கம்ப்யூட்டர் படித்த ஒருவரைக் கட்டணம் பேசி அமர்த்தி, உறுப்பினர் கடைகளில் பெட்டி இருக்கும் இடம், வயர், லேப்டாப் ஆகியவற்றை ஒரு சுற்று பார்க்கச் செய்ய வேண்டும். இரண்டு, சங்க அலுவலகத்தில் வயர் இணைப்பும் யூ.பி.எஸ்.ஸும் உள்ள ஒரு மேஜையை 10, 11, 19, 20 தேதிகளில் உறுப்பினர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். மூன்று, உறுப்பினர்களின் புகார் எண்களை ஒரே பட்டியலாகத் திரட்டி, வீதி வாரியாகக் கம்பெனிகளுக்குச் சங்கத்தின் பெயரில் அனுப்ப வேண்டும்.

"வணிகர் சங்கத்துக்கு இது வேலையா?" என்று சிலர் கேட்கலாம். தராசுக்கும் வரிக்கும் மின்சாரத்துக்கும் போராடியது சங்க வேலை என்றால், இன்று அந்த மூன்றுக்கும் சமமாகிவிட்ட நெட்டும் சங்க வேலைதான். ஊர் ஊராக இணையத்தில் சரக்கு விற்கும் பெரிய நிறுவனங்கள் நம் வாசலுக்கே வந்துவிட்டன. அவர்களுக்குப் பழுது பார்க்கத் தனி இலாகாவே இருக்கிறது. நமக்கு இருப்பது நம் சங்கம்.

அடுத்த 20-ம் தேதிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையை அரை ஷட்டர் இறக்கிவிட்டு, பெட்டி எங்கே இருக்கிறது, அதற்கும் கல்லாவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பார்த்ததைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியதை அடுத்த கூட்டத்தில் கூடிப் பேசி முடிவெடுப்போம்.